குகையும் நாகரிகமும்

குகையில் வாழ்ந்தவன் என்றதும், நாகரிகம் அறியாதவன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். உறைவிடத்தைக் கொண்டு மனிதனின் தரத்தை அளப்பது முறையாகுமா? பண்டைய ஹவாய் மக்களின் வரலாறு இவ்வினாவைத் தெளிவுபடுத்தும்.

ஹவாய்த் தீவில் மௌனா கேயா, மௌனா லோவா என்னும் எரிமலைகள் 4,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கின்றன. அவற்றின் இடையே, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் கிடப்பது வறண்ட மேட்டுநிலம். மழைமேகங்கள் பெரும்பாலும் அதற்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. பெய்யும் சிறு மழையையும் துளை மலிந்த எரிமலைப் பாறை உறிஞ்சிக்கொள்கிறது.

முன்னர் எரிமலைக் குழம்பு ஓடியபோது மேற்பரப்பு ஆறி இறுகியது. உள்ளிருந்த குழம்பு வடிந்து போயிற்று. அவ்வாறு எஞ்சிய நீண்ட குகைகளே அங்குச் சென்றோர்க்குப் புகலிடமாயின. கூரையிலிருந்து சொட்டும் நீரைச் சுரைக்குடுக்கைகளை வைத்துத் துளித்துளியாய்ச் சேர்த்தனர்.

அவர்கள் வீடு கட்ட அறியாதவர்களா? அல்லர். தாழ்நிலத்தில் புல் வேய்ந்த வீடுகளும், சேம்பு விளையும் வயல்களும், மீன் வளர்க்கும் குளங்களும் அம்மக்களுக்கு இருந்தன. மலைக்கு ஏறியது தொழிலின் பொருட்டேயாகும். பறவை பிடிக்கச் சென்றனர். மௌனா கேயாவில் 3,700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், கடுங்குளிரில் பாறைக் குடைவுகளில் தங்கி, வாய்ச்சி செய்வதற்குரிய கல்லை வெட்டினர். இரும்புத்தாது இல்லாத தீவில், மரத்தைக் குடைந்து ஓடமாக்கிய கருவி அக்கல்வாய்ச்சியே. உழைத்த இடத்தருகே கற்களை நிறுத்தி வழிபடவும் செய்தனர்.

அவ்வாறாயின் வறுமையைப் போற்றுவதா என்று சிலர் வினவலாம். அன்று. தாகம் எவர்க்கும் பெருமையன்று. நாம் மீண்டும் குகை புக வேண்டியதும் இல்லை. ஆயினும், இல்லாத இடத்தில் இருப்பதைக் கண்டறிந்து, அதனை வீணாக்காது பயன்கொள்ளும் அறிவு நாகரிகம் அன்றெனில், வேறு எது நாகரிகம்? ஹவாய் மொழியில் நீருக்கு ‘வை’ என்று பெயர். செல்வத்திற்கு ‘வைவை’ என்று பெயர். நீரின் அருமை உணர்ந்தோர் மொழி அது.

குழாயைத் திருகியதும் நீர் கொட்டுகிறது. ஒரு துளியின் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை. இனி வகுப்பறையில் ‘குகை மனிதன்’ என்னும் சொல்லை ஏளனமாக உரைக்குமுன், அச்சுரைக்குடுக்கை நிறையக் காத்திருந்தவரை மாணவர்க்கு நினைவூட்டுவோம். மனிதனை அளக்க வேண்டியது அவன் தங்கிய கூரையால் அன்று. அக்கூரையின் கீழ் அவன் வாழ்ந்த முறையால்.