இளநீரின் மிச்சம்

சூளவம்சத்தில் மானவம்மன் கதை வருகிறது. ஏழாம் நூற்றாண்டில் இலங்கையில் அரசுரிமை இழந்து, முதலாம் நரசிம்மவர்ம பல்லவனிடம் அடைக்கலம் புகுந்தவன். யானைமீது போகையில் இளநீர் குடித்த அரசன் மிச்சத்தை இவனிடம் நீட்டுகிறான். நண்பனின் எச்சிலில் என்ன இழிவு என்று இவனும் குடிக்கிறான். இவன் குடித்து மீந்ததை அரசன் வாங்கிக் குடிக்கிறான். பின்னால் படை கொடுத்து அனுப்பியதெல்லாம் சரித்திரம். எனக்கு முக்கியம், அரசன் திரும்ப வாங்கிக் குடித்தது.

அந்த மாமல்லன் பெயரைத் தாங்கிய கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு சுமார் 30 கிலோமீட்டர். அங்கே கிளைச் சிறைக் கட்டிடத்தில் 1990களில் ‘சிறப்பு முகாம்’ இருந்தது. ஈழத்திலிருந்து வந்தவர்களில் போலீஸ் சந்தேகித்தவர்களை, கோர்ட் ஜாமீன் கொடுத்த பிறகும், 1946ஆம் வருஷத்து அயல்நாட்டார் சட்டத்தைக் காட்டி அடைத்தார்கள். சிறை என்றால் தண்டனைக் காலம் சொல்லியாக வேண்டும். முகாமுக்கு அந்தத் தொல்லை இல்லை. சொல்லைப் பற்றி ஓயாமல் பேசும் நாம் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது தமிழர் என்பதாலா, மனிதர் என்பதாலா? தமிழர் என்பதால் என்றுதான் மேடையில் சொல்கிறார்கள், தொப்புள்கொடி உறவு. இந்தப் பதிலில்தான் கோளாறு என்று எனக்குப் படுகிறது. உறவுக்காரன் வீட்டில் வந்து தங்கியவன் உரிமை பேசினால் நன்றி கெட்டவன். 1975இல் ஸைகோன் வீழ்ந்தபின் தோணியேறிய வியட்நாமியர்கள் பலர் மொழி தெரியாத தேசங்களில் கரை சேர்ந்தார்கள். வெறுப்பு அங்கேயும் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் நிரந்தரவாசியாகி ஐந்து வருஷத்தில் குடியுரிமைக்கு மனுப் போட முடிந்தது. 1983 ஜூலைக்குப் பின் இங்கே வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக 50,000 பேருக்குமேல் இன்னும் முகாமில். 2021இல் அதற்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள்.

இந்தியாவில் பிறந்தாலே குடிமகன் என்ற விதி 1987 ஜூலை 1 முதல் இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் தரும்படி 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இரண்டு வருஷம் பிந்தி அதே முகாமில் பிறந்தவருக்கு, தாய் தகப்பன் இருவருமே இந்தியர் இல்லையென்றால், அந்த வழி கிடையாது. நான் பாங்க் குமாஸ்தா. தேதி தவறினால் வட்டி போகும் என்பது எனக்குப் புரியும். இது புரியவில்லை.

நம் பத்திரிகைகளில் ஈழத்துக் கவிதை போடுகிறோம். புலம்பெயர் இலக்கியம் என்றால் டொரன்டோ, பாரிஸ். இங்கேயே முகாமில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், கவிதை எழுதுகிற ஒருவரை எந்தத் தலைப்பின்கீழ் அச்சடிப்போம்? அடுத்த தொகுப்பு கொண்டுவருகிறவர்கள் யோசித்தால் தேவலை.