பிரிந்தாரை உவந்து நினைத்தல்

உயிர் நித்தமென்பதும், உடல் மாயையின் காரியமென்பதும், கூடியன பிரியுமென்பதும் சித்தாந்த நூல் பயின்றார் யாவரும் அறிந்தனவே. அறிந்திருந்தும், அன்புடையார் ஒருவர் மறைந்தவிடத்து அவ்வறிவு நம் கண்ணீரைத் தடுப்பதில்லை. தடுக்கவேண்டுமென்று நாம் சொல்லவும் வரவில்லை. கண்ணீர் வற்றி ஆண்டுகள் பல கழிந்த பின்னரும், அவரை நினையுந்தோறும் துயரமாகவே நினைத்தல் வேண்டுமா? உவகையோடு நினைத்தல் அன்பிற்கு இழுக்காகுமா? இதுவே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

நம் சமயத்தில் இதற்கு நெடுங்கால வழக்கொன்று உண்டு. திருநாவுக்கரசர்க்குச் சித்திரைச் சதயம், திருஞானசம்பந்தர்க்கு வைகாசி மூலம், மாணிக்கவாசகர்க்கு ஆனி மகம், சுந்தரர்க்கு ஆடிச் சுவாதி என நாம் கொண்டாடும் நாள்கள் நான்கும் அவர்கள் பிறந்த நாள்களல்ல. இவ்வுலகை நீங்கி இறைவனோடு கலந்த நாள்கள். திருமடங்களிலும் குருமூர்த்திகள் பரிபூரணமெய்திய நாளில் நிகழ்வன திருமுறை ஓதுதலும், மாகேசுவர பூசையும், அடியார்க்கு அமுதளித்தலுமே. அந்நாளில் அழுவார் எவரையும் நாம் கண்டதில்லை.

இவ்வழக்கை இல்லறத்தார்க்கும் ஏற்றிச் சொல்லும்போதுதான் தடை எழுகின்றது. திருத்தணிகையில் நம்மோடு பழகும் அன்பர் ஒருவர், தெலுங்கைத் தாய்மொழியாக உடையவர், கிருத்திகைதோறும் மனைவியாரோடு படியேறி முருகப்பெருமானை வழிபட்டு வந்தவர். அவ்வம்மையார் மறைந்தபின் மலைக்கு வருதலையே விட்டுவிட்டார். இருக்கும் 365 படிகளில் எந்தப் படியில் காலை வைத்தாலும் அவள் நினைவே வருகிறதென்பது அவர் கூறிய காரணம். நாம் குருபூசையின் இயல்பை எடுத்துக் கூறினோம். அவர், "ஐயா, நாயன்மார் முத்தி பெற்றார்கள், அந்நாள் விழாவாகலாம். என் மனைவி காய்ச்சலில் இறந்தாள். எங்கே போனாளென்று யார் அறிவார்? நான் எதை எண்ணி மகிழ்வது?" என்றார்.

இவ்வினாவை ஏட்டுப் படிப்புக் கொண்டு எளிதில் தள்ளிவிடலாகாது. இறந்தார் எய்திய கதி நம் அறிவுக்கு எட்டாதது என்பது உண்மையே. ஆயின் அவர் வழியாக நமக்கு வந்த நன்மை எட்டாததன்று. தாயின் கையாலும், மனைவியின் கையாலும், ஆசிரியரின் நாவாலும் வந்து நம்மை வளர்த்தது திருவருளே என்பதன்றோ நம் கொள்கை! அந்நன்மை நிகழ்ந்தது. நிகழ்ந்ததை நிகழாததாகச் செய்ய மரணத்தினாலும் ஆகாது. துயரமோ இவ்வளவையும் மறைத்து, இறுதி நாளொன்றையே முன்னிறுத்துகின்றது; நாற்பதாண்டு உடன் வாழ்ந்தவரை ஒருநாள் இறந்தவராகச் சுருக்கிவிடுகின்றது. 'எனக்கு இல்லாமற் போயிற்றே' என்னும் குரலும் அதனுள் கேட்கின்றது. ஆணவமலத்தின் தொழில் இங்கும் உண்டென்றால் சிலர் நம்மேற் சினங்கொள்வர். எனினும் சொல்லத்தான் வேண்டும்.

திருமயிலைச் சிவநேசர் சரிதத்தை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். அரவு தீண்டி இறந்த மகள் பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் வைத்துக் காத்தவர் அவர். ஆளுடைய பிள்ளையார் அக்குடத்தை நோக்கிப் பாடிய பதிகத்தில் பாம்பைப்பற்றிய பேச்சே இல்லை; நஞ்சைப்பற்றியும் இல்லை. முதற்பாட்டில் அடியார்க்கு அமுதூட்டும் சிறப்பு வருகின்றது. பின்னர் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என மயிலையின் விழாக்கள் வரிசையாக வருகின்றன. அப்பெண் என்று இறந்தாளென்பதை விடுத்து, அவள் எவற்றைக் கண்டு களித்தற்கு உரியவள் என்பதையே எடுத்துச் சொல்லி அழைக்கின்றார். உயிர்பெற்று எழுந்த அற்புதத்தையே நாம் பெரிதும் பேசுகின்றோம். அழைத்த முறையை எண்ணுவார் குறைவு.

அற்புதம் வேண்டா, நமக்கு அணித்தான காலத்துச் செய்தி ஒன்று போதும் என்பார்க்கு மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களைக் காட்டலாம். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்கத் தொடங்கினார். வேங்கடராமன் என்றிருந்த பெயரை நீக்கிச் சாமிநாதன் என்று வழங்கச் செய்தவரும் பிள்ளையவர்களே. 1876 பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் தேகவியோகமடைந்தபோது, அருகிருந்து திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஓதியவர் இம்மாணாக்கர். ஐந்தாண்டு கூட நிறையாத தொடர்பு. ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1933-லும் 1934-லும், ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதில் அவ்விறுதி இரவும் மறைக்கப்படாமல் இருக்கின்றது. ஆயினும் அது சில பக்கங்களே. எஞ்சியன எல்லாம் ஏடெழுதுவோர் கை சலிக்கும்படி பிள்ளையவர்கள் செய்யுள் சொல்லிய வேகம், வறுமையிலும் மாணாக்கர் பசியறிந்து உண்பித்த பரிவு, பாடஞ் சொல்லும் இனிமை முதலியனவே. படிப்பவர்க்குப் பிள்ளையவர்கள் முன்வந்து உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும். ஐயரவர்கள் 1942-இல் மறையுமட்டும் கையெழுத்திட்ட ஒவ்வொரு முறையும் ஆசிரியர் இட்ட பெயரையே எழுதினார் அல்லரோ!

சூரனோடும் வேடரோடும் பொருத சினம் தணிந்து பெருமான் அமர்ந்த தலமாதலின் தணிகை எனப் பெயர் பெற்றது என்பர். பிற முருகன் பதிகளில் கந்தசஷ்டியன்று சூரசங்காரம் நடைபெறும். இங்கே அது நடைபெறுவதில்லை, புட்பாஞ்சலியே நடைபெறும். போர் நிகழ்ந்ததென்பதை இத்தலம் மறுக்கவில்லை; அந்நாளை நினைக்கும் முறைதான் வேறு.

அவ்வன்பர்க்கு நாம் சொன்னது சிறிதே. வருகின்ற திதியில் கரும காரியங்களை முறைப்படி முடித்துவிட்டு, அம்மையாரை நன்கு அறிந்தார் நால்வரை அழைத்து உணவிடுக. அவருக்குப் பிடித்த பதிகம் ஒன்றை ஓதுக. தாம் கண்ட அவர் செயல் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லட்டும். காய்ச்சலைப்பற்றிய பேச்சு அன்று வேண்டா என்றோம். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்து, "அவள் படியேறும்போது எண்ணிக்கொண்டே வருவாள், பாதியில் தப்பிப்போகும், மறுபடி கீழே போய்த் தொடங்கலாமா என்பாள்" என்று சொல்லி நகைத்தார். கண்ணும் கலங்கிற்று. மலைக்கு வருவதும் வாராததும் இனி அவர் விருப்பம்.