இரண்டு அங்குலம்

மனிதன் தாழ்ந்து நடந்தால் பணிவு என்கிறோம். மோட்டார் வண்டியைத் தாழ்த்தினால் அதற்கு என்ன பெயர் வைப்பது? செம்மநத்தத்தில் என் அக்காள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நானும் அவள் மகனும் ஒரு பகல் முழுவதும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினோம். வாசகர்கள் சிரிக்கலாம். ஏற்காட்டு மலைக்குப் போனவன் ஏரியைப் பார்த்தான், சேர்வராயன் கோயிலுக்குப் போனான் என்றில்லாமல், ஒரு பழைய வண்டியின் வயிற்றுக்கடியில் தலையை நீட்டிக்கொண்டு கிடந்தான் என்றால் சிரிக்கத்தான் வேண்டும்.

வண்டி அம்பாஸடர். என் மச்சான் காலமாகி இரண்டு வருஷமாகிறது. அவர் விட்டுப்போனது நாலு ஏக்கர் காப்பித் தோட்டம், ஓட்டு வீடு, இந்த வண்டி, அவ்வளவுதான். தோட்டத்தைப் பையன் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறான். வண்டியின் மேல்தான் அவனுக்கு ஓர் ஆசை.

"ரெண்டு அங்குலம் இறக்கிவிட்டா போதும் மாமா. சிறுத்தை பதுங்கின மாதிரி நிக்கும்" என்றான்.

எப்படி இறக்குவது என்பதை நோட்டுப் புத்தகத்தில் எழுதியே வைத்திருந்தான். அம்பாஸடரின் முன்பக்கத்தில் சுருள்வில் கிடையாது. டார்ஷன் பார் என்ற இரும்புத் தண்டு முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்குகிறது. தண்டின் முனையிலுள்ள பிடியைச் சற்றுத் திருப்பி மாட்டினால் வண்டி தாழ்ந்துவிடும். காசு செலவில்லை. ஆனால் தண்டு பழைய தண்டு. அதற்கு விறைப்பு கூடுவதில்லை. சக்கரம் எழும்பி இறங்க இருந்த இடம்தான் குறைகிறது. பள்ளத்தில் இறங்கினால் ரப்பர்க் கட்டையில் போய் முட்டும். முட்டியதை உட்கார்ந்திருப்பவனின் முதுகெலும்பு சொல்லும். ஆகவே தடித்த தண்டு வேண்டும், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர் வேண்டும். பின்பக்கம் கமான் பட்டை. பட்டறைக்காரர் ஒரு பட்டையை உருவிவிட்டால் போதும் என்றாராம். அது மலிவான வழி. பாரம் ஏற்றிய அன்று தெரியும் அதன் மலிவு. வளைவைக் குறைத்துப் புதிதாகப் பட்டை அடிப்பதே முறை. பிறகு சக்கரங்களின் சாய்வையும் சரிபார்க்க வேண்டும். இறக்குவதானால் எல்லாவற்றையும் சேர்த்துச் செய், இல்லாவிட்டால் ஒன்றையும் தொடாதே என்றேன். என் கட்சியில் இவ்வளவும் சுலபமான பகுதி.

தாழ்ந்த வண்டி வளைவில் குறைவாகச் சாயும் என்பது உண்மை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆகையால் பையன் பேச்சை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் புத்தியுள்ளவன் எவன் வேகமாகப் போகிறான்?

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்திப் பார்த்தேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர்கள் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. பையன் அசரவில்லை. கலிபோர்னியாவிலே ஒரு கதை இருக்கிறது மாமா என்று ஆரம்பித்தான். அங்கே மெக்ஸிக வம்சத்து வாலிபர்கள் பழைய வண்டிகளை வாங்கித் தரையை ஒட்டுமளவுக்குத் தாழ்த்தி, சாயம் பூசி, மெதுவாக, மிக மெதுவாக வீதியில் ஓட்டுவார்களாம். சக்கர விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக்கூடாது என்று அரசாங்கம் 1950-களின் கடைசியில் சட்டம் போட்டது. உடனே 1959-இல் ஒருவர் எண்ணெய் அழுத்தப் பம்புகளை வண்டிக்குள் வைத்தார். போலீஸ்காரர் வந்தால் வண்டி எழுந்து நிற்கும். போய்விட்டால் மறுபடி உட்காரும்! அந்தச் சட்டத்தை 2023-இல் அவர்களே நீக்கிவிட்டார்கள்.

இந்தக் கதையில் என் வாதம் பாதி கரைந்தது. எங்களைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று ஊரிடம் சொல்ல அந்த வாலிபர்களுக்கு வேறு வழி இருந்ததா? அவர்களுடைய தாழ்ச்சியை வீண் பெருமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழையதை மாற்றக்கூடாது என்றும் சொல்ல வாய் எழவில்லை. இந்த அம்பாஸடரே இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு பேர் மாற்றிக்கொண்டு வந்ததுதானே? உத்தரபாராவில் 2014 வரை அதைச் செய்தார்கள். நடுவில் ஜப்பானிய இசுஸு என்ஜின்கூட அதன் வயிற்றில் ஏறியது.

பிறகு என்னதான் என்னை உறுத்தியது? அடுப்படியிலிருந்து அக்காள் சொன்ன ஒரு வார்த்தை. "அந்த வண்டியில பொறந்த பிள்ளைங்க ரெண்டு இருக்குது இந்த ஊர்ல" என்றாள்.

மச்சானின் வண்டி பிரசவ வேதனையில் துடித்தவர்களைச் சுமந்திருக்கிறது, மழை நாளில் காப்பிக் கொட்டை மூட்டையைச் சுமந்திருக்கிறது, பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளைச் சுமந்திருக்கிறது. கல்லும் வேருமான தோட்டத்துப் பாதையில் அது போக முடிந்ததே அதன் வயிறு உயரத்தில் இருந்ததனால். முழங்கால் வலிக்கிற கிழவிகள் அதிக சிரமமின்றி அந்த இருக்கையில் உட்கார்ந்து எழுந்ததும் அதே உயரத்தினால். பதிவுச் சான்றிதழில் ஒரே பெயர்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு எந்தக் காகிதமும் கிடையாது. காகிதமில்லாதவர்களுக்குப் பாத்தியதை இல்லை என்று கோர்ட்டில் சொல்லலாம். அக்காளின் அடுப்படியில் சொல்ல முடியுமா?

இதைப் பையனிடம் பிரசங்கமாகச் செய்திருப்பேன். ஆனால் எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. சேலத்துக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டில் வழிப்போக்கர்கள் உட்காருவதற்கென்றே பாட்டனார் கட்டிய திண்ணை ஒன்று இருந்தது. மோர்க்காரி கூடையை இறக்கி வைப்பாள். தபால்காரர் வெயிலுக்கு ஒதுங்குவார். பதினைந்து வருஷத்துக்கு முன் நான் கார் வாங்கினேன். காரை நிறுத்த இடமில்லை. ஆள் வைத்து இடித்தேன். ஒருவரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மறுநாள் மோர்க்காரி வந்து, இடிந்த இடத்தைப் பார்த்துவிட்டு, கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இதைத்தான் சொன்னேன். பையன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

"இப்ப 108 இருக்குதே மாமா. அது வந்ததுக்கப்புறம் அப்பாவை யாரும் ராத்திரியில எழுப்பினதே அபூர்வம்" என்றான்.

நியாயம்தான். 2008-இல் தமிழ்நாட்டில் அந்த ஆம்புலன்ஸ் வந்த பிறகு மச்சானின் வண்டிக்கு அந்த உத்தியோகம் அநேகமாகப் போய்விட்டது. உத்தியோகம் போன பிறகும் உடுப்பைக் கழற்றக்கூடாது என்று எவனுக்குச் சொல்ல முடியும்? அவனுக்கு இருபத்து நாலு வயது. ஊரார் எல்லோரும் அவனை இன்னாருடைய மகன் என்றுதான் அழைக்கிறார்கள். ஒரு நாளாவது வண்டி அவன் சாயலில் நிற்கட்டுமே என்றும் எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் மூடுபனி இறங்கும் நேரத்தில் அவன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். எங்கே என்று கேட்டேன். சாலைகளில் போடும் வேகத்தடைக்கு 10 சென்டிமீட்டர் உயரம் என்று விதி இருக்கிறது, ஆனால் தோட்டத்துப் பாதையின் திருப்பத்திலுள்ள பாறைக்கு எந்த விதியும் கிடையாதே, அதை அளந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றான்.

திரும்பி வருவதற்கு அரை மணி ஆயிற்று. நாடாவைச் சுருட்டி மேஜைமேல் வைத்தான். நோட்டுப் புத்தகத்தில் என்னமோ எழுதினான். எத்தனை அங்குலம் என்று நான் கேட்கவில்லை. அக்காள் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.