முள் நிற்கும் இடம்

1

வேலையை விட்டு இறங்கி நாலு வருஷம் ஆகிறது. உடம்பு இன்னும் ஏ ஷிஃப்டில்தான் இருக்கிறது. நாலரைக்கெல்லாம் கண் திறந்துகொள்ளும். மொட்டைமாடிக்குப் போனால் தேரடிப் பக்கம் ஒன்றிரண்டு விளக்கு, எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், அதற்கப்பால் இருட்டாகக் கடல்.

ஒரு காலத்தில் திருவொற்றியூருக்கு நேரம் சொன்னது ஆலைச் சங்கு. சங்கு ஊதினால் வீடுகளில் உலை ஏறும், பிள்ளைகள் எழுந்துகொள்ளும், டீக்கடைக்காரர் முதல் பாலைக் காய்ச்சுவார். தீப்பெட்டி செய்த ஆலையின் பெயர் இன்று ‘விம்கோ நகர்’ என்று மெட்ரோ ரயில் அறிவிப்பில் ஒலிக்கிறது. சங்கு இல்லை.

நான் ஒழுங்கானவன் என்று முப்பது வருஷம் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் குட்டு உடைந்தது. பத்து மணிவரை செல்போன், நாலு தரம் டீ, மத்தியானத் தூக்கம், சாயங்காலம் யாரோடாவது ஒரு சண்டை. ஒழுங்கு என்னிடம் இருந்ததே இல்லை. சங்கிடம் இருந்திருக்கிறது.

2

நான் பாய்லர் அட்டெண்டன்ட். சேர்ந்த முதல் வாரத்தில் நடந்தது இது.

மணிக்கொரு தரம் ரீடிங் எடுத்து லாக் புக்கில் எழுத வேண்டும். நீராவி அழுத்தம், தண்ணீர் மட்டம், உள்ளே போகும் தண்ணீரின் சூடு, புகைபோக்கியின் சூடு. நான் நான்கு கட்டத்திலும் ‘நார்மல்’ என்று எழுதிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஷிஃப்டின் மூத்த ஆள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“இன்னாபா எழுதி வச்சிக்கிற?”

“நார்மல்ணே.”

“யாருக்கு நார்மலு? உனுக்கா, பாய்லருக்கா? முள்ளு எங்க நிக்குதோ அத்த எழுது. நார்மலா இல்லியான்னு அப்பால பாத்துக்கலாம்.”

ரொம்ப நாள் கழித்துத்தான் அதன் அருமை தெரிந்தது. ‘நார்மல்’ என்பது தீர்ப்பு. தீர்ப்பை எழுதியதும் கண் ஓய்வெடுத்துக்கொள்கிறது. எண்ணை எழுத வேண்டுமானால் எழுந்து போய், குனிந்து, பார்த்தாக வேண்டும். ஒரு வாரத்து எண்களை வரிசையாகப் படித்தால் புகைபோக்கியின் சூடு ஐந்தைந்து டிகிரியாக ஏறிக்கொண்டிருப்பது தெரியும். குழாய்களில் கரியோ உப்போ படிகிறது, நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் வானத்துக்குப் போகிறது என்று பொருள். ஒரு வாரத்து ‘நார்மல்’களை வரிசையாகப் படித்தால் ஒன்றும் தெரியாது.

3

பாய்லரின் முகப்பில் ஒரு கண்ணாடி இருக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை அதில்தான் பார்க்க முடியும். மட்டம் அளவுக்குக் கீழே இறங்கினால் குழாய்கள் காய்ந்து சிவக்கும், வெடிக்கவும் செய்யும். எங்கள் உயிர் அந்தச் சாண் கண்ணாடியில் இருந்தது.

அதில் ஒரு வம்பு உண்டு. பாய்லரிலிருந்து கண்ணாடிக்கு வரும் வழியில் அழுக்கு அடைத்துக்கொண்டால், உள்ளே தண்ணீர் குறைந்தாலும் கண்ணாடியில் மட்டம் அப்படியே நிற்கும். புது ஆள் அதைப் பார்த்து நிம்மதியாக இருப்பான். பழைய ஆளுக்கு வயிற்றைக் கலக்கும். உயிருள்ள மட்டம் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அசையாமல் நிற்கிற மட்டத்தை நம்பக் கூடாது.

அதனால் ஷிஃப்டுக்கு ஒரு தரமாவது கண்ணாடியை ஊதிவிடுவோம். அடியிலுள்ள வால்வைத் திறந்தால் நீராவியும் தண்ணீரும் சீறிக்கொண்டு வெளியே போகும். மூடினதும் தண்ணீர் விறுவிறுவென்று பழைய இடத்துக்கு ஏறி நின்று ஆட வேண்டும். சோம்பலாக ஏறினால் வழியில் அடைப்பு.

என் மனசிலும் அசையாத மட்டங்கள் சில இருந்தன. ‘தம்பி காசுக்குத்தான் வருவான்’ என்பது அதில் ஒன்று. ஒருநாள் மாடியில் நின்றபடி அதை ஊதிப் பார்த்தேன். அவன் என்னிடம் கடைசியாகக் காசு கேட்டது எப்போது? யோசித்து யோசித்துப் பார்த்ததில் 2003 என்று வந்தது. இருபது வருஷமாக அவன் வெறுமனேதான் வந்துபோய்க்கொண்டிருந்தான்.

4

சமையலறைச் சுவரில் தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, எனக்கான லாக் புக்காக நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தொங்கவிட்டேன். பேனாவை நூலில் கட்டினேன். பாய்லர் அறையில் அப்படித்தான் இருக்கும். புத்தகம் இடம் மாறக் கூடாது, பேனாவைத் தேடக் கூடாது. தேட வேண்டியிருந்தால் எவனும் எழுத மாட்டான்.

முதல் நாள் எழுதியது: ‘மருமகள் மதிக்கவில்லை.’

மாலை படித்துப் பார்த்தபோது மூத்தவரின் குரல் கேட்டது. யாருக்கு நார்மலு? அடித்துவிட்டு முள் நின்ற இடத்தை எழுதினேன்: ‘காலை 7.10. டீ கேட்டேன். பதில் இல்லை. பேரனுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். வேன் ஹார்ன் அடித்தது. 7.25-க்கு டீ வந்தது.’

எழுதி முடித்ததும் கோபத்தைத் தேடினேன். அது போன இடம் தெரியவில்லை. மறுநாளிலிருந்து ஆறரைக்கு நானே டீ போடுகிறேன், அவளுக்கும் சேர்த்து. இது பெருந்தன்மையில் வந்த மாற்றமில்லை. நாலு நாள் ரீடிங்கை வரிசையாகப் படித்தால் யாருக்கும் தோன்றக்கூடிய ஏற்பாடு.

எல்லா நாளும் இப்படி முடிவதில்லை. சில நாள் எழுதிய பிறகும் கோபம் இருக்கும். ஆனால் இத்தனை மணிக்கு, இன்ன காரணத்துக்கு என்று அதற்கு ஓர் அளவு வந்துவிடும். அளவுள்ள கோபத்தோடு ஒரு வீட்டில் இருக்க முடியும்.

5

நாள் தவறாமல் ஒன்றைச் செய்வது என்றதும் எனக்கு வள்ளலார் நினைவுக்கு வருவார். சிறுவயதிலிருந்து 1858 வரை சென்னையில் இருந்தவர். ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில் அண்ணன் வீடு. அங்கிருந்து நாள்தோறும் நடந்தே திருவொற்றியூருக்கு வந்து வடிவுடையம்மனைக் கும்பிட்டார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும், திரும்பவும் அவ்வளவு. இரவு நேரம் கழித்துப் போனவர் வீட்டாரை எழுப்ப மனமில்லாமல் பட்டினியோடு திண்ணையில் படுத்துவிட, அண்ணி உருவில் அம்மனே வந்து சோறு போட்டதாகக் கதை.

சோறு வந்த கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த நடைதான் பெரிதாகப் படுகிறது. வெயில், மழை, மனசு சரியில்லாத நாள், எல்லாம் அவருக்கும் இருந்திருக்கும்.

பிற்காலத்தில் அவர் நித்திய கரும விதி என்று ஒன்று எழுதினார். விடியுமுன் எழுவது, பல் துலக்குவது, அளவாகச் சாப்பிடுவது, பகலில் தூங்காமல் இருப்பது, உரக்கப் பேசாதிருப்பது, நடையில்கூட வேகம் கூடாது என்பதுவரை அதில் இருக்கிறது. 1867-இல் வடலூரில் அவர் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அவ்வளவு பெரிய காரியத்தைத் தொட்டவர், பல் துலக்குவதையும் எழுதிவைக்கத் தகுந்த விஷயமாக நினைத்திருக்கிறார்.

நானும் நடக்கிறேன், தேரடியிலிருந்து காலடிப்பேட்டைவரை. மனவுறுதியை நம்பித் தொடங்கிய நடை மூன்றாம் நாளே படுத்துக்கொண்டது. இரவே செருப்பை வாசற்படியில் எடுத்துவைத்த பிறகுதான் அது நிலைத்தது. மனசு தினமும் வழக்குப் பேசும். செருப்பு பேசாது.

6

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். நள்ளிரவு ஏலச் சத்தத்தில் அலறும் இடம் அடங்கிக் கிடக்கும்.

போன வருஷம் தடைக்காலத்தில் ஒரு பெரியவர் வலை சரிபார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த இடத்தில் ஊசியை விட்டு முடிச்சுப் போடுகிறார். தைப்பதற்கு முன் கிழிசலைச் சுற்றி நன்றாக இருந்த கண்ணிகளிலும் சிலதை வெட்டினார். ஏன் என்று கேட்டேன். “ஓரம் நேரா இல்லாங்காட்டி முடிச்சு நிக்காதுபா” என்றார்.

கடலில் இருக்கும்போது இதைச் செய்ய முடியாது. நான் வேலையில் இருந்தபோதும் பாய்லரை வருஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, ஆறவைத்து, இன்ஸ்பெக்டர் பார்த்துச் சான்று தந்த பிறகுதான் மறுபடி ஏற்றுவோம். மனுஷனுக்கு மட்டும் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டு, அந்த வார நோட்டைப் படிக்கிறேன். என் தடைக்காலம் இரண்டு மணி நேரம்.

7

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர்ப் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து முகத்துவாரம் கறுத்திருந்தது.

இந்த வட்டாரத்தில் ‘நாத்தம் அடிக்குது’ என்று நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்தார் 2004 வாக்கில் வேறொன்று செய்தார்கள். வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், எதைப் போன்ற வாடை என்று எழுதிவைத்தார்கள். ‘நாத்தம்’ என்றால் அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். மணியும் திசையும் எழுதிய தாளுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

தெளிவாக யோசிப்பது என்றால் அமைதியாகிவிடுவது என்று நினைத்திருந்தேன். முள் நிற்கும் இடத்தை எழுதினால் சில கோபம் கரைகிறது, சில கோபத்துக்குக் கால் முளைக்கிறது. எது எந்த வகை என்பது எழுதிப் பார்க்காமல் தெரிவதில்லை.

8

நடை முடிந்து சில நாள் கடலோரம் பட்டினத்தார் சமாதிப் பக்கம் உட்காருவேன். பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே உனக்கு முக்தி என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். ஊர் ஊராக அதைச் சுமந்துகொண்டு போனார், திருவொற்றியூரில் இனித்தது என்பார்கள். சின்ன வயதில் இனித்த இடத்தைப் பற்றி மட்டும் யோசித்தேன். இப்போது அதற்கு முன்னால் கசந்த ஊர்களை யோசிக்கிறேன். ஒவ்வோர் ஊரிலும் கடித்துப் பார்த்திருக்கிறார். கசக்கத்தான் போகிறது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளவில்லை.

இன்றைய ரீடிங்: காலை 4.40. காற்று தெற்கிலிருந்து. லேசாக மீன் வாடை. முழங்கால் வலி, இடது, படி ஏறும்போது மட்டும். டீ மூன்று. தம்பிக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. கோபம்: இல்லை.

எழுதிவிட்டுப் பேனாவை விடப் போனவன் மறுபடி படித்தேன். பதினோரு நாளாக அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றே இருக்கிறது. மட்டம் ஆடவே இல்லை.

நாளைக் காலை கண்ணாடியை ஒரு தரம் ஊதிவிட்டுப் பார்க்க வேண்டும்.