பேசாதவர் சம்மதம்

மன்னார்க் கரையில் வந்திறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த தென்னிந்தியத் தொழிலாளரை நாம் மறந்துவிடுவதற்கில்லை. வழியிலேயே பேதிக்கும் பசிக்கும் பலியானோர் பலர். எஞ்சியோர் மலையேறிப் பயிரிட்டது முதலிற் கோப்பி, பின்னர் தேயிலை. அந்தத் தேயிலையிலிருந்தே 1888-இல் அல்பிரெக்ட் கொசெல் என்ற ஜெர்மானிய அறிஞர் தியோபிலினைப் பிரித்தெடுத்தார். இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும் அப்பொருள், தொய்வு நோயாளருக்கு மருந்தாயிற்று. 1970-களில், குறைமாதத்திற் பிறந்து மூச்சுவிட மறக்கும் சிசுக்களுக்கும் அதைக் கொடுக்கலாயினர்.

அச்சிசுக்களிற் பெரும்பாலோருக்குச் செங்கமாரியும் காணும். பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி, குருதியிலுள்ள அல்புமினைப் பற்றிக்கொண்டிருக்கும் வரை மூளைக்குட் புகுவதில்லை. வேறொரு மருந்து வந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டாலோ, நிறமி விடுபட்டு மூளையிற் படியும். குழந்தை பிழைத்தாலும் செவி போகலாம், கைகால் முறுகலாம். ஆகவே மூச்சுக்குக் கொடுக்கும் மருந்து மூளைக்கு என்ன செய்கிறது என்று ஆராய்ந்தே ஆகவேண்டும். ஆராய்வது எவர் உடலில்? ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல அறியாத சிசுவின் உடலில்!

பச்சைக் குழந்தையைச் சோதனைப் பொருளாக்குவதா என்று நம் நண்பர் சிலர் சினக்கின்றனர். சினம் நியாயமானதே. ஆயினும் வில்லியம் சில்வர்மனும் தோழரும் 1956-இல் நியூயோர்க்கிலிருந்து வெளியிட்ட ஆய்வை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொற்றைத் தடுக்கவெனக் குறைமாதக் குழந்தைகளுக்குப் பென்சிலினுடன் ஒரு சல்பா மருந்தையும் கொடுத்துவந்தனர். இன்னொரு மருந்துடன் ஒப்பிட்டபோதுதான், சல்பா பெற்றவரே அதிகம் இறந்ததும், அவர்களிற் பலரது மூளையில் மஞ்சள் படிந்திருந்ததும் தெரியவந்தன. சல்பாதான் பிலிருபினை நெட்டித் தள்ளியதென்பது பின்னரே விளங்கிற்று. ஒப்பிடாதிருந்தால்? அன்பு மிகுந்த வைத்தியர்கள் அன்போடே கொன்றுகொண்டிருப்பார்கள்; கணக்கு மட்டும் இராது.

சோதியாமற் கொடுப்பதும் சோதனையே என்கிறோம் நாம். தியோபிலினின் உடன்பிறப்பாகிய கஃபீன் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வழங்கப்பட்ட பிறகே, 2006 சிசுக்களைக் கொண்ட பெருஞ்சோதனையொன்றால் அதன் நன்மை உறுதிப்பட்டது. முடிவு வெளிவந்த ஆண்டும் 2006-ஆக அமைந்தது தற்செயல்.

இதனால் ஆய்வாளர் எதுவும் செய்யலாம் என்று ஆகிவிடாது. பேசாத சிசுவுக்காகப் பேசுபவள் தாய். பேசாலையில் மீன் காயவைத்துப் பிழைக்கும் ஒருத்தியிடம், பிரசவ வலி தணியாத நள்ளிரவில், அவள் வாசிக்கவியலாத மொழியில் அச்சிட்ட தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அது சம்மதமா? மறுத்தாலும் அதே கட்டிலும் அதே கவனிப்பும் தன் பிள்ளைக்கு உண்டென்று அவள் நம்பவேண்டும். ஆய்வு முடிந்தபின் அம்மருந்து மன்னாருக்கும் வருமா, கொழும்போடு நின்றுவிடுமா என்று கேட்கவும் அவளுக்கு உரிமையுண்டு.