அழகுக்கு விலை கொடுப்பது யார்?

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களில் வாழ்வது சிறுத்தைப் பல்லி. 1854-இல் பிளைத் என்னும் அறிஞர் இதனை அறிவியல் உலகிற்கு அறிமுகம் செய்தார். இது நம் வீட்டுச் சுவரில் ஊரும் பல்லியைப் போன்றதன்று. இதன் கண்களுக்கு இமைகள் உண்டு. சுவரில் ஒட்டி ஏறும் விரல்கள் இல்லை. பகலில் மறைந்திருந்து இரவில் இரை தேடும். இரை கிட்டாத நாள்களுக்கென வாலில் கொழுப்பைச் சேமித்துக்கொள்ளும்.

சாதுவான பிராணியாதலின், பல நாடுகளில் இதனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கின்றனர். புதுப்புது நிறங்களுக்காகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கமும் செய்விக்கின்றனர். அவ்வாறு பெருக்கப்பட்ட வகைகளுள் ஒன்று 'லெமன் ஃப்ராஸ்ட்'. மஞ்சளும் வெண்மையும் ஒளிரும் அதன் மேனியைப் பலரும் விரும்பினர். பின்னரே உண்மை வெளிப்பட்டது. அவ்வகைப் பல்லிகளுள் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவற்றின் தோலில் கட்டிகள் தோன்றின. அந்த நிறத்தையும் அந்த நோயையும் ஒரே மரபணுவோடு தொடர்புபடுத்தும் ஆய்வொன்று, 2021-இல் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியாயிற்று. ஒளியை எதிரொளித்து அழகு தரும் தோலணுக்களே அளவிறந்து பெருகிக் கட்டிகளாகின்றன. அழகை மட்டும் வைத்துக்கொண்டு நோயை விலக்க வழியில்லை.

இத்துன்பத்திற்குப் பொறுப்பு யாருடையது? "நாங்கள் அடிக்கவில்லை, வதைக்கவில்லை, வேளை தவறாமல் உணவளித்தோம்" என வளர்த்தவர் கூறலாம். உண்மைதான். நோயை அறியுமுன் செய்தது கொடுமையாகாது, அறியாமையே. ஆனால், அறிந்த பின்னும் தொடர்ந்தால் அதற்குப் பெயர் அறியாமையன்று. இதனை உணர்ந்து, அவ்வகையைப் பெருக்குவதையே நிறுத்திக்கொண்டவரும் உளர்.

வாங்குபவர் நிலை என்ன? தாமே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என இம்சைக்கு மூன்று வாயில்கள் உண்டென நம் அறம் கூறுகிறது. விலை கொடுப்பவர் மூன்றாம் வாயிலில் மட்டும் நிற்பவரல்லர். அவர் தரும் பணமே அடுத்த குஞ்சைப் பிறப்பிக்கிறது. ஆகவே, இரண்டாம் வாயிலிலும் அவருக்கு இடமுண்டு.

அங்ஙனமாயின் முன்பே பிறந்துவிட்டவற்றை என் செய்வது? வெளியே விட்டால் மடியும். அவற்றை இறுதிவரை பேணுவதே கடன். மேலும் பெருக்காதிருப்பதே அறம்.

எங்கோ வாழும் பல்லியின் கதை நமக்கெதற்கு என எண்ண வேண்டா. முகம் தட்டையாக இருக்கவேண்டுமென்று மனிதர் விரும்பியதால் மூச்சுத் திணறும் நாய்கள் நம் தெருக்களிலும் உள்ளன. நம் குழந்தை கடையில் ஓர் உயிரைச் சுட்டி, "அழகாயிருக்கிறது, வாங்கித் தாருங்கள்" என்று கேட்கும்போது, "இந்த அழகுக்கு அது என்ன விலை கொடுத்தது?" என்று நாமும் ஒருமுறை கேட்போமாக. கொல்லாதிருத்தல் அகிம்சையின் முதற்படி மட்டுமே. நம் கண்ணின் களிப்புக்காகப் பிறிதோர் உயிரை நோயோடு பிறப்பிக்காதிருத்தலும் அதனுள் அடங்கும்.