அறியாது நேர்ந்த பிழை

வன்னி நிலப்பரப்பிலே காலபோக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகும் காலம், பல கிராமங்களில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளின் காலமுமாகும். முல்லைத்தீவுக் கரையோரத்திலும் கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிலும் உள்ள கழகங்கள் இப்போட்டிகளைப் பெரும்பாலும் விலகல் முறையிலேயே நடத்துகின்றன. தோற்ற அணி வெளியேற வேண்டியதுதான். உழவு இயந்திரப் பெட்டியிலே பாட்டும் ஆரவாரமுமாக வந்திறங்கிய ஓர் அணி, முதற்சுற்றில் ஒரேயொரு கோலினால் வீழ்ந்து, கச்சான்காரி கடை விரிக்குமுன்னரே வீடு திரும்புவதும் உண்டு. லீக் முறை ஓர் அணியின் தரத்தை அளக்கின்றது. விலகல் முறையோ ஒரு பொழுதை மாத்திரமே அளக்கின்றது. அப்பொழுதில் நேரும் பிழை ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதையும் விழுங்கிவிடும். ஆதலின், பிழை எது, பிழையல்லாதது எது என்ற வினா வேறெங்கினும் விலகற் சுற்றிலேயே கூர்மை பெறுகின்றது.

அவ்வினாவை உலகறிய எழுப்பிய ஆட்டம் ஒன்று 2025 மார்ச் 12ஆந் திகதி இரவு ஸ்பெயினின் தலைநகரில் நடைபெற்றது. இலங்கை நேரப்படி அது மறுநாள் அதிகாலை 1.30 மணி. வன்னியிலும் கைத்தொலைபேசித் திரைகளில் உறக்கமொழித்து அதனைக் கண்டோர் உளர். ஐரோப்பியச் சம்பியன்ஸ் லீக்கின் பதினாறு அணிச் சுற்று அது. றியல் மட்ரிட் அதற்கு முந்திய தகுதிகாண் விலகற் சுற்றையும் ஆடி வந்திருந்தது. அத்லெற்றிக்கோ மட்ரிட்டுக்கோ அதுவே முதல் விலகற் சுற்று. முதலாவது ஆட்டத்தில் றியல் 2-1 என வென்றிருந்தது. இரண்டாவதில் அத்லெற்றிக்கோ முதல் நிமிடத்திலேயே பெற்ற கோலினால் 1-0 என முன்னின்றது. மேலதிக நேரமும் கோலின்றிக் கழிய, தண்ட உதைகளே முடிவைத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

அத்லெற்றிக்கோவின் இரண்டாவது உதையை ஜூலியன் அல்வாரெஸ் உதைத்தார். உதைக்கும் கணத்தில் அவர் கால் வழுக்கிற்று. எனினும் பந்து வலைக்குட் சென்றது. அரங்கம் ஆர்ப்பரித்தது. பின்னர் காணொளி உதவி மத்தியஸ்தரின் பரிசோதனையிலே, ஊன்றிய கால் பந்தை மிக இலேசாகத் தொட்டதும், அதன்பின்னரே மறுகால் உதைத்ததும் கண்டறியப்பட்டன. உதைத்தவர், வேறொருவர் பந்தைத் தொடுமுன் மீண்டும் அதனைத் தொடலாகாது என்பது விதி. கோல் நீக்கப்பட்டு, உதை தவறியதாகப் பதியப்பட்டது. றியல் 4-2 என வென்றது.

இவ்விடத்து ஒரு கணக்கை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அக்கோல் ஏற்கப்பட்டிருப்பினும் அத்லெற்றிக்கோ வென்றிருக்கும் என்பதற்கில்லை. அவ்வணியின் நான்காவது உதை குறுக்குக் கம்பத்திற் பட்டு வீணாயிற்று. றியலின் ஐந்தாவது உதைக்குப் பின் நிலை 4-3 ஆக இருந்திருக்கும். அத்லெற்றிக்கோவுக்கு இன்னும் ஓர் உதை எஞ்சியிருக்கும். எனவே அவ்வணி இழந்தது வெற்றியை அன்று. உதைக்கப்படாமலே போன அந்த ஓர் உதையை.

மூன்று திங்களுக்குள், 2025 ஜூனில், உதைபந்தாட்ட விதிகளை வகுக்கும் சர்வதேசச் சபை ஒரு தெளிவுரையை வெளியிட்டது. இருமுறை தொடலைத் தடுக்கும் விதி, கம்பத்திற் பட்டுத் திரும்பும் பந்தை உதைத்தவரே வேண்டுமென்று மீண்டும் ஆடுவதைக் கருதியே எழுந்தது என்றும், தற்செயலாக இருமுறை தொட்டு உதைத்த பந்து கோலாகுமாயின் உதை மீள எடுக்கப்பட வேண்டும் என்றும் அது கூறிற்று. விதியின் நோக்கம் வேறு, அதன் சொல் பிடித்த இடம் வேறு என்பது இதனால் ஒப்புக்கொள்ளப்பட்டதாயிற்று. ஆயினும் மார்ச் மாத முடிவு முடிவாகவே நின்றது.

முடிவுகள் நிலைத்தே ஆகவேண்டும் என்பார் கூற்றைத் தள்ளிவிடல் இயலாது. விதி திருந்துந்தோறும் பழைய ஆட்டங்களைத் திறப்பதாயின் எந்த ஆட்டமும் முடிந்ததாகாது. தண்ட உதை முறை 1970இல் ஏற்கப்படுமுன், சமநிலையான ஆட்டங்கள் நாணயச் சுழற்சியாலும் தீர்க்கப்பட்டன. 1965இல் லிவர்பூலும் கொலோன் கழகமும் மூன்று ஆட்டங்களிலும் சமநிலை கண்டு, றொட்டர்டாமில் வட்டத்தகடு ஒன்றைச் சுண்டி முடிவு காண முற்பட்டபோது, தகடு முதலிற் சேற்றிலே செங்குத்தாக நின்றுவிட்டதாம். மறுமுறை சுண்டியதில் லிவர்பூல் வென்றது. அதனினும் குருட்டுத்தனமான தீர்ப்பு வேறில்லை. ஆயினும் அங்கு தோற்றோர் மீது ஒரு குற்றமும் சுமத்தப்படவில்லை. தகடு எவரையும் பிழை செய்தாய் என்று சுட்டுவதில்லை. மட்ரிட்டில் நிகழ்ந்ததோ வேறு. வழுக்கிய ஒருவனின் பெயருக்கு எதிரே 'தவறு' என எழுதப்பட்டது. உறுத்துவது தோல்வியன்று, அப்பதிவே.

செயலுக்கும் குற்றத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி பழமையானது. வலிந்து நேர்ந்ததும் அறியாது நேர்ந்ததும் விரும்பிச் செய்தவை ஆகா என்றும், அவற்றுக்கு மன்னிப்பும் சிலவேளை இரக்கமுமே உரியன என்றும் அரிஸ்ரோட்டில் கொண்டார். உடலாற் செய்வதே கொடிதென நிகண்டர் கூற, எண்ணமே முதன்மையென்று புத்தர் மறுத்தமையைப் பாளி நூலாகிய உபாலி சுத்தம் காட்டும். தமிழ் மரபிலோ மனுநீதிச் சோழன் கதை இதற்கு எதிர்த்திசையில் நிற்கின்றது. கன்று தேர்க்காலிற் புகுந்ததை இளவரசன் அறியான்; அமைச்சர் கழுவாய் கூறினர்; மன்னன் இசையவில்லை. அக்கதையைப் போற்றுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: கன்றும் அமைச்சனும் மைந்தனும் மீள எழ இறைவனே வரவேண்டியிருந்தது. விதியின் கடுமையைத் தெய்வத்தின் தலையீடு கொண்டு ஈடுசெய்த கதை அது. மைதானத்திலே அத்தகைய வருகை இல்லை.

வன்னிக்கு இன்னும் அணுக்கமான கதை கண்ணகியுடையது. நந்திக்கடலோரத்து வற்றாப்பளையிலே வைகாசி விசாகப் பொங்கலுக்கு வன்னி முழுவதும் திரள்கின்றது. மதுரையை எரித்தபின் அவள் இலங்கையில் வந்து தங்கிய பத்தாவது இடம் அதுவென்பது ஊர் ஐதீகம். பாண்டியன் வழக்கில் விதி சரி, உண்மை பிழை. மட்ரிட்டில் உண்மை சரி, விதி பிழை. வேறுபாடு பெரிதுதான். எனினும் தன் தீர்ப்புப் பிழையென்று கண்ட கணத்தே பாண்டியன், பாதிக்கப்பட்டவளின் முன்னிலையில், தன் வாயால் அதனை ஏற்றான். கோவலன் மீளவில்லை, ஆயினும் கள்வன் என்ற பெயர் அவனை விட்டு நீங்கிற்று.

பல்கலைக்கழக வாசகருக்கு இது விளையாட்டுடன் முடியும் வினாவன்று. 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தல் 1977இல் கைவிடப்பட்டது. இடையில் வாயிலிற் திருப்பி அனுப்பப்பட்டோர் இழந்த ஆண்டுகள் மீளவில்லை. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்துக்குத் தடையாகவும் வன்னிக்கு வாயிலாகவும் அமைந்தமையால், இவ்விடயத்தில் வன்னியின் கணக்கு அத்துணை எளியதன்று. ஆனால் விதி மாறியபின், முன்னைய விதியால் விலகியோரிடம் அதனை எடுத்துச்சொல்லும் கடமை எவருக்குரியது என்பது இரு சாராருக்கும் பொதுவான வினாவே.

வன்னிக் கிராம மைதானங்களிலே காணொளி இல்லை. ஊன்றிய கால் பந்தை இலேசாகத் தொட்டால் அது நிகழாதது போன்றே கழிந்துவிடும். கண்ணுக்குத் தெரிந்த பிழைகளுக்கோ முறைப்பாடு உண்டு. அணித்தலைவன் எழுத்திற் கொடுப்பான். ஏற்பாட்டுக் குழு வேப்பமர நிழலிற் கூடும். சிலபோது மீள் ஆட்டமும் கிடைக்கும். பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவ்வாறான மாலைகளில் வயதான மத்தியஸ்தர் ஒருவர், புறப்படத் தயாராக இரையும் உழவு இயந்திரத்தருகே தாமே நடந்து சென்று, "தம்பி, அதை நான் வடிவாய்க் காணேல்லை" என்று சொல்வதுண்டு. பெட்டியில் இருப்போரிற் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். தலைவன் இறங்கி வந்து கைகொடுப்பான்.